ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் மிகைத்தொற்று

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஸ்டெர்கொராலிஸ் என்ற உருளைப்புழு மனித உடலுக்குள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வரும் நோய். குடலிலும் நுரையீரலிலும் இளம்புழுக்கள் ஆயிரக்கணக்கில் மொய்ப்பதை மிகைத்தொற்று என்பர். அவை வழக்கமான பாதையை விட்டு விலகிக் கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளையும் எட்டிவிட்டால் அது பரவிய தொற்று. இரண்டும் பெரும்பாலும் நோயெதிர்ப்புத் திறன் குன்றியவர்களுக்கே வருகின்றன: நாள்பட ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், மாற்றுறுப்பு பொருத்தப்பட்டவர்கள், எச்டிஎல்வி-1 வைரஸ் தொற்றியவர்கள். உரிய மருந்து கிடைக்காவிட்டால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. மருந்து கிடைத்தாலும், காலம் கடந்து கிடைத்தால், பலர் இறக்கிறார்கள்.

புழு மிகப் பழையது. அதன் இந்தக் கொடிய வடிவத்தின் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மருத்துவச் சிகிச்சையின் வழியாகவே வந்தது. உயிர்காக்கும் மருந்து ஒன்று, உடலில் பல்லாண்டாக ஓசையின்றி இருந்த புழுவை அவிழ்த்துவிட்ட கதை இது. அந்த மருந்தைத் தொடங்குமுன் ஒரு பரிசோதனையோ ஒரு வேளை மாத்திரையோ போதும், பெரும்பாலான சாவுகளைத் தடுத்துவிடலாம்.

புழுவின் வாழ்க்கை

நம்மூரில் வயிற்றில் பூச்சி என்றால் நினைவுக்கு வருவன நாக்குப்பூச்சியும் கீரிப்பூச்சியும்தான். அவை மலத்தோடு வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரியும். தாய்மார்கள் பார்த்துவிட்டுக் குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் யார் கண்ணிலும் படாது. முழுதாக வளர்ந்த பெண்புழுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் நீளம்தான். தடிமனோ தலைமயிரைவிடக் குறைவு. சிறுகுடலின் உட்சவ்வுக்குள் அது புதைந்து கிடக்கிறது. அங்கே ஆண்புழு கிடையாது. பெண் தனித்தே முட்டையிடுகிறது. முட்டை சவ்வுக்குள்ளேயே பொரித்துவிடுவதால் மலத்தில் வருவது முட்டையன்று, உயிருள்ள இளம்புழு.

மண்ணில் விழுந்த இளம்புழுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஓரிரு நாளில் தோலைத் துளைக்கும் வல்லமை பெற்ற தொற்றுப்புழுவாக மாறிவிடலாம். அல்லது மண்ணிலேயே ஆணும் பெண்ணுமாக வளர்ந்து, கூடி, ஒரு தலைமுறையை ஈன்று, அந்தத் தலைமுறை தொற்றுப்புழுவாகலாம். எப்படியாயினும் அது காத்திருப்பது வெறுங்காலுக்காக. கழிப்பறை இல்லாத, ஈரம் காயாத, வெப்பமான ஊர்களில் வயலிலும் தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் அதற்குத் தடையில்லை.

கொக்கிப்புழுவும் இப்படித்தான் உடலுக்குள் வருகிறது. ஆனால் கொக்கிப்புழுவின் ஆயுள் சில ஆண்டுகள். புதிதாகத் தொற்று வராவிட்டால் கூட்டம் தானாக அழிந்துவிடும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் அப்படி அழிவதில்லை. அதன் இளம்புழுக்களில் ஒரு பகுதி, மலத்தோடு வெளியேறுவதற்கு முன்பே, குடலுக்குள்ளேயே தோலுரித்துத் தொற்றுப்புழுவாகிவிடுகிறது. பெருங்குடல் சுவரையோ ஆசனவாய்ச் சுற்றுத் தோலையோ துளைத்து மீண்டும் அதே உடலுக்குள் நுழைகிறது. இதைத் தன்தொற்று என்கிறார்கள். மனிதக் குடற்புழுக்களில் இப்படி உடலுக்குள்ளேயே தன் சுழற்சியை முடித்துத் தொகையைப் பெருக்கிக்கொள்ளக்கூடியது ஏறக்குறைய இது ஒன்றே. நல்ல உடல்நிலை உள்ளவரிடம் இந்தச் சுழற்சி சிறிய அளவிலேயே ஓடும். நோயெதிர்ப்புத் திறன் அதை அடக்கி வைத்திருக்கும். அவருக்கு எப்போதாவது வயிற்றுவலி, அரிப்பு, தோலில் தடிப்பு வரலாம். பலருக்கு எதுவுமே இராது. அந்தப் பிடி தளரும் நாளில்தான் மிகைத்தொற்று தொடங்குகிறது.

தூலோன், 1876

கொச்சின்சீனா என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த தெற்கு வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் நிற்காத பேதியோடு வந்து இறங்கினார்கள். 1876-இல் தூலோன் துறைமுகத்துக் கடற்படை மருத்துவமனையில் அவர்களைக் கவனித்துவந்த லூயி நோர்மான், ஒரு நோயாளியின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஏராளமான சிறு புழுக்கள் நெளிவதைக் கண்டார். அதே ஊரில் கடற்படை மருந்தியலாளராக இருந்த ஆர்த்தூர் பவே அவற்றை ஆராய்ந்து புதிய இனம் என்று விவரித்தார். இறந்த சிப்பாய்களின் உடலைத் திறந்து பார்த்த நோர்மான், குடலில் மட்டுமன்றிப் பித்தநாளத்திலும் கணைய நாளத்திலும் புழுக்களைக் கண்டார். குடலில் இருந்த வளர்ந்த புழு மலத்தில் வந்ததைப்போல இல்லாததால் பவே அதை வேறொரு இனமாகக் கருதி, தனிப் பெயரிட்டார்.

இந்தக் குழப்பம் தீர ஆறேழு ஆண்டுகள் ஆயின. பிற்காலத்தில் மலேரியா ஆய்வால் பெயர்பெற்ற இத்தாலியர் ஜொவான்னி பட்டிஸ்டா கிராஸி 1879-இல் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். ஜெர்மானிய விலங்கியலாளர் ருடால்ஃப் லாய்க்கார்ட், 1880-களின் தொடக்கத்தில், குடலில் வாழும் தலைமுறையும் மண்ணில் வாழும் தலைமுறையும் ஒரே புழுவின் இரு முகங்கள் என்று நிறுவினார். இடையில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொத்தார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய இத்தாலியத் தொழிலாளர்கள் சோகை பிடித்து விழுந்தபோது, தூரின் நகரத்து எதோர்தோ பெரொன்சித்தோ அவர்களிடம் கொக்கிப்புழுவோடு இந்தப் புழுவையும் கண்டார். வெப்பமான, ஈரமான, மலம் கலந்த சுரங்க மண் குளிர்நாட்டின் நடுவே ஒரு வெப்பமண்டலத்தையே உண்டாக்கியிருந்தது.

சிப்பாய்களின் பேதிக்கு இந்தப் புழுதான் காரணமா என்ற கேள்வி மட்டும் வேறு திசையில் போயிற்று. மலத்தில் புழு இருந்தும் நலமாக நடமாடியவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்ததும், இது பெரிதாகக் கெடுதல் செய்யாத ஒன்று என்ற எண்ணம் வேரூன்றியது. அந்த எண்ணத்துக்குப் பின்னாளில் நோயாளிகள் கொடுத்த விலை பெரியது.

தோல் வழியே

புழு வாய்வழியாகத்தான் உள்ளே போகிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். கெய்ரோவில் ஆய்வுசெய்துகொண்டிருந்த ஜெர்மானியர் ஆர்த்தர் லூஸ் அதை மாற்றினார். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீர் தவறுதலாக அவர் கைமேல் சிந்தியது. தோல் எரிந்தது, சிவந்தது. சில வாரங்களில் அவர் மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் வந்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் டுர்ம் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸும் தோலைத் துளைக்கிறது என்று கினிப்பன்றிகளிடம் காட்டிய பின், லூஸ் இம்முறை வேண்டுமென்றே இந்த இளம்புழுக்களைத் தம் தோலில் விட்டுக்கொண்டார். 64 நாள் கழித்து அவர் மலத்தில் அவை தென்பட்டன. தம் உடலையே பணயம் வைத்த அந்த மனிதருக்குத் தாம் உள்ளே விட்டது பல்லாண்டுகள் நிலைக்கக்கூடிய விருந்தாளி என்று அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

ஹாம்பர்க் வெப்பமண்டல நோய் நிறுவனத்தின் ஃப்ரீட்ரிஷ் ஃப்யூல்லெபோர்ன், நாய்களை வைத்து 1914-இல் பாதையை வரைந்தார்: தோலிலிருந்து இரத்தக்குழாய், இதயம், நுரையீரல், மூச்சுக்குழாய் மேலேறித் தொண்டை, விழுங்கப்பட்டுக் குடல். நுரையீரல் வழி ஒன்றே கட்டாயம் என்பதைப் பிற்கால நாய் ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆயினும் மிகைத்தொற்றில் நுரையீரல் ஏன் இவ்வளவு சிதைகிறது என்பதற்கான விளக்கம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. 1926-இல் அவரே, புழு உள்ளவர்களின் தோலில் வந்துபோகும் தடிப்புகளைத் தன்தொற்றோடு தொடர்புபடுத்தி எழுதினார். ஆசனவாய்ப் பகுதியிலிருந்து தொடை, பிட்டம், அடிவயிறு என்று மணிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் சிவந்த கோடு அது. ஓடும் இளம்புழு என்ற பொருளில் லார்வா கரன்ஸ் என்ற பெயரை 1958-இல் அதற்கு இட்டார்கள். உடலில் புழு இருப்பதைக் கண்ணால் காணக் கிடைக்கும் ஒரே அடையாளம் இது என்றே சொல்லலாம். சில மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், மருத்துவரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இராது.

கார்ட்டிசோனுக்குப் பின்

1948-இல் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். மறு ஆண்டு அது உலகச் செய்தியாயிற்று. 1950-இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடெயஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஆஸ்துமா, லூப்பஸ், சிறுநீரக நோய், இரத்தப் புற்றுநோய், தொழுநோய் எதிர்வினை எனப் பல நோய்களுக்கு ஸ்டீராய்டு தவிர்க்க முடியாத மருந்தாகிவிட்டது. அதனால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானோர். அந்த நன்றியை மறக்காமலேதான் அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1966-இல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. பிரேசிலின் பாஹியா மாநிலத்து மருத்துவர்கள் குரூஸ், ரெபோசாஸ், ரோச்சா மூவரும், ஸ்டீராய்டு பெற்றுவந்த நோயாளிகள் இந்தப் புழுவால் இறந்ததை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ரோஜர்ஸும் நெல்சனும், நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவரிடம் சமயம் பார்த்துத் தாக்கும் தொற்றாக இந்தப் புழு மாறியதைப் பதிந்தார்கள். அதுவரை சமயம் பார்த்துத் தாக்குபவை என்றால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்தான். ஒரு குடற்புழு அந்த வரிசையில் நிற்கும் என்று யாரும் எண்ணவில்லை. 1970-களில் பர்டிலோவும் அவருடைய சகாக்களும் எழுதிய தொகுப்பு, இது ஏதோ ஓரிரு ஊரில் நேர்ந்த தற்செயல் அல்ல என்பதை உறுதிசெய்தது.

இந்நோய் வெளிப்படும் விதம் ஏமாற்றக்கூடியது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ ஸ்டீராய்டு எடுப்பவருக்கு முதலில் வயிறு உப்பும், வாந்தி வரும், குடல் இயக்கம் நின்றுபோகும். பிறகு இருமல், மூச்சிரைப்பு, சளியில் இரத்தம். இளம்புழுக்கள் நுரையீரலைத் துளைப்பதால் வரும் இரைப்பு ஆஸ்துமா போலவே இருக்கும். ஆஸ்துமா முற்றிவிட்டது என்று எண்ணி ஸ்டீராய்டின் அளவை மருத்துவர் கூட்டுவார். அது புழுவுக்கு மேலும் இடம் கொடுக்கும். குடலைத் துளைத்துப் போகும் இளம்புழுக்கள் தம் உடலோடு குடல் பாக்டீரியாக்களையும் இழுத்துச் செல்வதால், இ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை இரத்தத்தில் கலக்கும். மூளையுறை அழற்சி வரும். தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரல் பதித்ததுபோலக் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றுவதுண்டு. இரத்தத்தில் ஈயோசினோபில் வெள்ளணுக்கள் கூடியிருந்தால் புழு இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். மிகைத்தொற்றில் அந்த அடையாளமும் பொய்த்துவிடுகிறது. ஸ்டீராய்டே அந்த அணுக்களைக் குறைத்துவிடும். நோயாளி இறந்தபின் சான்றிதழில் பாக்டீரியாத் தொற்று என்றே எழுதப்படும். புழுவின் பெயர் அங்கே வராது.

நீண்ட காலமோ பெரிய அளவோ ஸ்டீராய்டு எடுத்தால்தான் ஆபத்து என்பதில்லை. சில நாட்களே எடுத்தவர்களிடமும் மிகைத்தொற்று வந்திருக்கிறது.

சயாம் ரயில்பாதையின் சாட்சியம்

புழு உடலில் எத்தனை ஆண்டு தங்கும் என்பதற்கு மிக உறுதியான விடை, போர்க்கைதிகளின் உடல்களிலிருந்து வந்தது. 1942-43-இல் ஜப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தது. 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் அங்கே காட்டிலும் சேற்றிலும் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். 1970-களின் இறுதியில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜெஃப் கில், டியன் பெல் இருவரும் அப்படித் திரும்பிய 602 பிரிட்டிஷ் வீரர்களைப் பரிசோதித்தார்கள். 88 பேரிடம் புழு இருந்தது. ஆஸ்திரேலியாவில் டேவிட் குரோவ் பரிசோதித்த 160 பேரில் 44 பேரிடம் இருந்தது. 35 ஆண்டுகளாகத் தம் நாட்டில், காலணியோடு, நல்ல கழிப்பறையோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். புதிதாகத் தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தொடையில் அவ்வப்போது ஓடிய சிவந்த கோட்டை அவர்களில் பலர் போர்க்கால அரிப்பு என்று எண்ணிச் சொறிந்துகொண்டே வாழ்ந்திருந்தார்கள். முதுமையில் யாருக்கேனும் ஸ்டீராய்டு தேவைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இந்த ஆய்வு எழுப்பிய அச்சம். சயாமில் தொற்றிய புழு முதுமை வரை உடனிருந்ததற்குப் பின்னர் மேலும் சான்றுகள் கிடைத்தன.

அந்த ரயில்பாதையில் கைதிகளைவிட அதிகமாக உழைத்ததும் செத்ததும் ஆசியத் தொழிலாளர்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம் பேர். அதே சேறு, அதே வெறுங்கால். பிழைத்து மீண்டவர்கள் தோட்டத்துக்கே திரும்பினார்கள். படைவீரர்களுக்குக் கிடைத்த மருத்துவக் கோப்போ ஓய்வூதியமோ அவர்களுக்கு இல்லை. லிவர்பூல் ஆய்வு அளித்த அறிவு அந்த வீரர்களின் உடல்களிலிருந்து வந்ததுதான். அதே அறிவுக்கு உரியவர்களான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களையும் இந்த இடத்தில் நினைக்காமல் போவது நியாயமாகாது.

எய்ட்ஸ், எச்டிஎல்வி

1980-களில் எய்ட்ஸ் பரவத் தொடங்கியபோது, இந்தப் புழு ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் பேரழிவு செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையங்கள் எய்ட்ஸை வரையறுக்கும் நோய்களின் தொடக்கப் பட்டியலில் குடலுக்கு வெளியே பரவிய ஸ்ட்ராங்கிலாய்ட்ஸைச் சேர்த்தன. 1987-இல் அதை நீக்கிவிட்டன. எதிர்பார்த்த அளவுக்கு அது வரவில்லை. புழுவுக்கு எதிராக உடல் பயன்படுத்தும் நோயெதிர்ப்பு வழி, எச்ஐவி முதலில் அழிக்கும் வழியன்று என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

எச்டிஎல்வி-1 வைரஸோ நேர்மாறானது. ஒக்கினாவாவில் புழுத் தொற்று உள்ளவர்களிடம் இந்த வைரஸ் மிகுதியாக இருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980-களில் கண்டார்கள். வைரஸ் உடலின் எதிர்ப்பை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால், புழுவைத் தடுக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருளும் ஈயோசினோபில்களும் குறைகின்றன. ஜமைக்கா, பெரு, மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்கள் ஆகிய இடங்களிலும் இந்த இரட்டைத் தொற்று உண்டு. மருந்துக்குப் பின்னும் புழு திரும்பத் திரும்ப வரும் நோயாளிகளிடம் மருத்துவர்கள் இப்போது முதலில் தேடுவது இந்த வைரஸைத்தான்.

உறுப்பு மாற்று அறுவையில் புழு இரண்டு வழிகளில் வரும். பெறுபவரின் உடலில் முன்பே இருந்தது விழித்துக்கொள்ளலாம். அல்லது கொடையாளரின் உறுப்போடு சேர்ந்து வரலாம். ஒரே கொடையாளரின் சிறுநீரகம், இதயம், கணையம் எனப் பல உறுப்புகள் பலருக்குப் பொருத்தப்படுவதால், ஒருவரிடம் புழு தெரிந்தவுடன் மற்றவர்களையும் தேடி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சைக்ளோஸ்போரின் என்ற எதிர்ப்புத்தணிப்பு மருந்து இந்தப் புழுவையே அடக்குகிறது என்று கெர்ஹார்ட் ஷாட் குழுவினர் 1986-இல் காட்டியது இந்த வரலாற்றில் ஒரு நல்ல செய்தி. அதற்குப் பதிலாக இன்று மிகுதியாகப் பயன்படும் டாக்ரோலிமஸுக்கு அப்படியொரு பாதுகாப்பு உண்டு என்று நம்பியிருக்க முடியாது.

ஸ்டீராய்டு செய்வது என்ன

எதிர்ப்புத்திறன் குறைந்ததால் புழு பெருகிற்று என்று சொல்லிவிட்டால் பாதிதான் விளங்கும். எதிர்ப்புத்திறனைக் குறைக்கும் எத்தனையோ நிலைகளில் ஸ்டீராய்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கொடிய தொடர்பு? ராபர்ட் ஜென்ட்டா 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புழுக்களின் தோலுரிப்பைத் தூண்டும் இயற்கைப் பொருள்களும் ஸ்டீராய்டு வகையே. நோயாளிக்குக் கொடுத்த மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள்கள், இளம்புழுவுக்குத் தோலுரி என்ற கட்டளையாகவே சென்று சேரலாம். அப்படியானால் மருந்து மனிதனின் காவலைத் தளர்த்துவதோடு நில்லாமல் புழுவையும் நேராகத் தூண்டுகிறது.

2018-இல் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தக் கருத்துக்கு வலுச்சேர்த்தார்கள். பிறவியிலேயே எதிர்ப்புத்திறன் அற்ற எலிகளுக்குப் புழுவைத் தொற்றவைத்தபோது அவை மிகைத்தொற்றில் விழவில்லை. அவற்றுக்கே மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததும் விழுந்தன. புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டஃபாக்ரோனிக் அமிலத்தைக் கொடுத்தால் அந்தப் பெருக்கம் அடங்கிற்று. ஒரு நாள் இதிலிருந்து புதிய மருந்து வரக்கூடும் என்பதால் இந்த எலிகளின் கதை எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது.

கண்டுபிடிப்பது

சாதாரண மலப் பரிசோதனையில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. நாள்பட்ட தொற்றில் இளம்புழுக்கள் மிகக் குறைவாக, அதுவும் விட்டுவிட்டுத்தான் வெளிவரும். டச்சு ஆட்சியின்கீழ் சுமத்ராவில் பணிபுரிந்த பேயர்மன் 1917-இல் மண்ணிலிருந்து கொக்கிப்புழுவைப் பிரிக்க ஓர் எளிய முறையைச் செய்தார். புனலின் வாயில் துணி விரித்து அதன்மேல் மாதிரியை வைத்து, அடியில் வெதுவெதுப்பான நீர் தொட்டுக்கொண்டிருக்குமாறு நிரப்புவார்கள். சூட்டை நாடி இளம்புழுக்கள் துணியைக் கடந்து நீருக்குள் இறங்கி, புனலின் தண்டில் படிந்துவிடும். இடுக்கியைத் தளர்த்தி அந்தச் சில துளிகளை எடுத்துப் பார்த்தால் போதும். நூறு ஆண்டுக்குப் பின்னும் இம்முறை பயன்படுகிறது.

ஜப்பானியர்கள் 1980-களின் இறுதியில் அகார் தட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். தட்டின் நடுவில் சிறிது மலம் வைத்து மூடி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவார்கள். இளம்புழுக்கள் தட்டின் மேல் ஊர்ந்து போகும். உடலில் ஒட்டிய பாக்டீரியாக்கள் போன வழியெங்கும் முளைத்து, வளைந்து வளைந்து செல்லும் புள்ளிக் கோடுகளாகத் தெரியும். மிகைத்தொற்றில் குடல் பாக்டீரியா எப்படி இரத்தத்துக்குப் போகிறது என்பதை இந்தத் தட்டைவிடத் தெளிவாக எந்த நூலும் காட்டாது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை, எதிர்ப்புத்திறன் குன்றுவதற்கு முன் செய்தால் நல்ல பயன் தரும். மிகைத்தொற்று வந்துவிட்டால் தேடவே வேண்டியதில்லை. சளியை ஒரு துளி உப்புநீரில் வைத்து நுண்ணோக்கியின் கீழ்ப் பார்க்கும் ஆய்வக ஊழியர், சாட்டை வீசுவதுபோல் துள்ளும் இளம்புழுக்களைக் காண்பார். பல நோயாளிகளில் உண்மை முதலில் தெரிவது காசநோய்க் கிருமியைத் தேடி அனுப்பிய அந்தச் சளியில்தான்.

மருந்து

தொடக்கத்தில் ஜென்ஷியன் வயலட் சாயத்தையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1960-களில் வந்த தயாபெண்டசோல் புழுவைக் கொன்றது, ஆனால் குமட்டலும் தலைசுற்றலும் நோயாளியை வாட்டின. ஜப்பானின் இத்தோ நகரருகே எடுத்த மண்ணிலிருந்து சத்தோஷி ஓமுரா பிரித்த நுண்ணுயிரும், அதை வைத்து மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழு செய்த ஆய்வும் ஐவர்மெக்டினைத் தந்தன. 1996-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அதற்கு அனுமதி கிடைத்தது. 2015-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். எளிய தொற்றுக்கு ஒரே ஒரு வேளை போதும் என்றும், நான்கு வேளை கொடுப்பதால் கூடுதல் பயன் இல்லை என்றும் 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

மிகைத்தொற்றில் இந்தக் கணக்கு செல்லாது. மலத்திலும் சளியிலும் புழு மறைந்து இரண்டு வாரம் ஆகும் வரை நாள்தோறும் கொடுக்க வேண்டும். பாக்டீரியாவுக்கும் மருந்து வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும். குடல் இயங்காத நோயாளிக்கு மாத்திரை உறிஞ்சப்படுவதில்லை என்பதால், கால்நடைகளுக்கான ஐவர்மெக்டின் ஊசியை மருத்துவர்கள் சிறப்பு அனுமதியோடு தோலடியில் போட்டு உயிர் காத்த நிகழ்வுகள் உண்டு. மனிதருக்கான ஊசி வடிவத்தைத் தயாரிக்க இத்தனை ஆண்டுகளாக யாரும் முன்வராதது வருத்தத்துக்குரியது. இந்நோய்க்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அகதிகள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள்.

கோவிட் ஆண்டுகள்

2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெகவரி ஆய்வு, கடுமையான கோவிட் நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு காக்கிறது என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் எச்சரிக்கை வந்தது: புழு பரவிய நாடுகளில் வாழ்ந்தவர்களுக்கு ஸ்டீராய்டோடு ஐவர்மெக்டினையும் எண்ணிப் பாருங்கள். அஞ்சியபடியே கோவிட் சிகிச்சைக்குப் பின் மிகைத்தொற்றுகள் பதிவாயின. இந்தியாவில் 2021-இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது கட்டற்ற ஸ்டீராய்டுப் பயன்பாட்டின் ஆபத்தை நாம் எல்லோரும் கண்டோம். புழுவின் ஆபத்தும் அதே கதவின் வழியாகத்தான் வருகிறது.

அதே காலத்தில் ஐவர்மெக்டினே கோவிடைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவிற்று. சில ஆய்வுகள் பயன் உண்டு என்றன, சில இல்லை என்றன. 2022-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, பயன் காட்டிய ஆய்வுகள் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் மிகுந்த பகுதிகளில் நடந்தவை என்றும், அது குறைந்த பகுதிகளில் பயன் தென்படவில்லை என்றும் கண்டது. மருந்து செய்த வேலை புழுவைக் கொல்வதாகவே இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில்

உலகெங்கும் இந்தப் புழு உள்ளவர்களின் தொகை பற்றிய பழைய மதிப்பீடு 3 கோடி முதல் 10 கோடி வரை. 2020-இல் வெளியான கணக்கு ஏறத்தாழ 61 கோடிப் பேர் என்றது. தேடாததால்தான் முன்பு குறைவாகத் தெரிந்தது. சென்னையில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களோடு இணைந்து இயங்கும் ஆய்வு மையத்தின் சுபாஷ் பாபு குழுவினர், 2013 முதல் 2020 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2,351 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 33 சதவீதத்தினரிடம் இந்தப் புழுவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆண்களில் 36, பெண்களில் ஏறத்தாழ 30. எதிர்ப்பொருள் இருப்பதாலேயே எல்லோருக்கும் இப்போது புழு இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஆனாலும் மூவரில் ஒருவர் என்பது எந்த மருத்துவரும் அலட்சியம் செய்யக்கூடிய எண் அன்று. இதே மண்ணில்தான் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளில் தரப்படும் அல்பெண்டசோல் ஒரு வேளை மாத்திரை நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஏற்றது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸை ஒழிக்க அது போதாது. அந்தத் திட்டம் பெரியவர்களை எட்டுவதுமில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பள்ளி வயதுக் குழந்தைகளிடம் இந்தத் தொற்று 5 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பகுதிகளில் 5 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்கிறது. தனி நோயாளிகளின் அளவில் சிறுநீரக மாற்று, புற்றுநோய், மூட்டுநோய்ப் பிரிவுகளில் சிகிச்சை தொடங்குமுன் எலைசா சோதனை செய்வதோ, சோதனைக்கு வழியில்லாத இடத்தில் ஐவர்மெக்டினை முன்கூட்டியே கொடுத்துவிடுவதோ இப்போது பல நாடுகளில் வழக்கமாகிவருகிறது.